கல்லின் கடிகாரம்

குடிநீர் வாரியத்தின் புகார் பிரிவில் தொலைபேசி எடுப்பதுதான் அவளுடைய வேலை. தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் புழுவைக் கண்டவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறதே என்று வயிறெரிபவர்கள் எல்லாரும் அவள் காதில்தான் கொட்டுவார்கள். "உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதி இல்லை. எதிர்த்துப் பேசினால் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிடுவார். நாள் முழுக்க விழுங்கிய பேச்செல்லாம் எங்காவது வெளியே வந்தாக வேண்டுமே. அதற்கு அவள் கண்டுபிடித்த இடம் இணையத்தில் இயங்கிய ஒரு சதுரங்கக் குழு.

குழுவின் பெயர் 'அறுபத்து நாலு வீடு'. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாரும் ஒரு புனைபெயருக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்குக் குழு வைத்த பெயர் 'வெடி'. அந்தப் பெயரைக் கேட்ட அவள் கணவர், பேருந்து ஓட்டுநர், "உன்னை நேர்ல பாக்காமலே எப்படிடி கண்டுபிடிச்சாங்க?" என்றார்.

ஆனால் அவள் வெறும் வாயாடி இல்லை. சனிக்கிழமை மாலைகளில் காய்களைப் பரப்பிக்கொண்டு தோற்ற ஆட்டங்களை நோண்டுவாள். எட்டுப் பேர் கொண்ட குழு அணியில் நான்காவது பலகை அவளுடையது. அரட்டை அறையில் சிரிக்க வைத்துக்கொண்டே எதிராளியின் ராஜாவைச் சுற்றி வளைப்பாள்.

முதல் பலகைக்காரர் அவளுக்கு நேர் எதிர். 'கல்' என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். ஆட்டத்துக்கு முன்னால் "வணக்கம்", முடிந்ததும் "நன்றி". அவ்வளவுதான். அவரைப் பேச வைப்பதை வெடி ஒரு பந்தயமாகவே எடுத்துக்கொண்டாள். "இந்தக் கல்லுல நார் உரிக்காம விடமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் எழுதினாள். எப்போதாவது ஒரு வரி பதில் வரும். அன்றைக்கு அறையே கொண்டாடும்.

வம்பு வந்தது ஒரு யானையால். அணியில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தபோது, "மூலையில நிக்கிற யானைக்கு யாராவது தீனி போடுங்கப்பா" என்று அவள் அரட்டை அறையில் எழுதிவிட்டாள். அவள் மனதில் வேறு யார் பலகையும் இல்லை. அவளுடைய சொந்த யானைதான் அப்போது மூலையில் முடங்கிக் கிடந்தது. ஆனால் அடுத்த நகர்த்தலிலேயே அந்த ஆட்டக்காரர் யானையை இறக்கி ஜெயித்துவிட்டார். எதிரணி கொதித்துப் போய்ப் புகார் கொடுத்தது. போட்டிக் குழு அந்த ஆட்டத்தை ரத்து செய்து கடைசி எச்சரிக்கையும் விட்டது: கடிகாரம் ஓடும்போது ஆட்டக்காரர்களுக்குள் இனி ஒரு சொல் போனாலும் அந்தச் சுற்றே தோல்வி.

அணித் தலைவர் தையற்கடை வைத்திருப்பவர். அவரே போன் செய்தார்.

"நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா எல்லாரும் சிரிக்கறதுக்காக மட்டும் வரல. சிலருக்கு வாரம் முழுக்க இது ஒண்ணுதான் உருப்படியான வேலை."

"சரிங்க சார். ஆட்டம் முடியற வரைக்கும் வாயைத் தைச்சுக்கறேன்."

"தைக்கறது என் வேலை. நீ மூடிக்கிட்டா போதும்."

சிரித்தபடிதான் போனை வைத்தாள். ஆனால் அன்றிரவு சோறு இறங்கவில்லை. தன் விளையாட்டுப் பேச்சு அடுத்தவர் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் கல்லிடமிருந்து தனியாக ஒரு வரி வந்திருந்தது: 'நீங்கள் எழுதுவதையெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிப்பேன். நிறுத்திவிடாதீர்கள்.'

பருவத்தின் கடைசிச் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. ஜெயித்தால் முதல் பிரிவிலேயே இருக்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். வெடி சமையலறையை ஒட்டிய மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஆட்டம் இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தது. எதிராளி யோசிக்கும் நேரத்தில் மற்ற பலகைகளை எட்டிப் பார்த்தாள். கல் மட்டும் நல்ல பிடியில் இருந்தார். ஒரு சிப்பாய் அதிகம், எதிராளியின் ராஜா வெட்டவெளியில்.

எதிராளி அவருடைய குதிரையை வெட்டியிருந்தார். திருப்பி வெட்ட வேண்டியதுதான். குழந்தைக்கும் தெரியும்.

அவர் வெட்டவில்லை.

அவள் தன் நகர்த்தலைச் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கல்லின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு நகர்த்தலுக்குப் பிறகும் அப்படியே. பார்வையாளர்கள் அறையில் கிண்டல் தொடங்கிவிட்டது. "கல்லு தூங்கிடுச்சு", "டீ போடப் போயிருக்கார்", "சிலை வைக்க இடம் பாக்கறாங்க". எல்லாம் அவள் பாணி. எச்சரிக்கை மட்டும் இல்லாவிட்டால் அவளும் அதில் ஒன்றை எழுதியிருப்பாள். இன்றைக்குக் கை கட்டிப்போட்டிருந்ததால் பார்க்க மட்டும் செய்தாள். இந்த மனிதர் கடிகாரத்தை வீணடித்து அவள் ஒருநாளும் கண்டதில்லை.

நடுவரை அழைக்கும் பொத்தானை அழுத்தி விஷயத்தைச் சொன்னாள். பதில் உடனே வந்தது: 'ஆட்டக்காரர் நகர்த்தாமல் இருப்பது விதிமீறல் அல்ல. உங்கள் பலகையைக் கவனிக்கவும்.'

தவறு சொல்ல முடியாத பதில். அவளும் அலுவலகத்தில் இப்படித்தான் பதில் சொல்வாள்.

தன் பலகையைக் கவனிக்கப் பார்த்தாள். ஒரு சிப்பாயைத் தள்ளினாள். எதைத் தள்ளினோம் என்றே மனதில் பதியவில்லை. கல்லுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தனியாக இருப்பவர், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். ஆட்டம் என்றால் காலையில் எதுவும் இறங்காது என்று எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். "சும்மா யோசிச்சிட்டிருந்தார்னா?" என்று வாய்விட்டே சொன்னாள். சும்மா யோசித்துக்கொண்டிருந்தால் அவருடைய ஆட்டத்தையும் எல்லாருடைய உழைப்பையும் அவளே இரண்டாவது முறையாகக் கெடுத்தவளாவாள். அதற்கப்புறம் அந்த அறையில் எந்த முகத்தோடு நுழைவது?

அணி அறையைத் திறந்து எழுதினாள். 'கல்லுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தோணுது. அவர் போன் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?'

எழுதியதும் முடிந்துவிட்டது, விதி மீறியாயிற்று. தையற்காரரிடமிருந்து பதில் வந்தது: 'இல்லை. வீடு தெரிஞ்சா நீ போ.' அவரும் ஆடிக்கொண்டிருந்தவர். அவரும் மீறிவிட்டார்.

வீடு தெரியாது. ஆனால் அரட்டை தெரியும். ஒருநாள் அவள் அலுவலகத்துக் கூத்துகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டிலும் ஐந்தாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்று அவர் எழுதியிருந்தார். ஒரே ஊர் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் பேக்கரி, ரொட்டி லாரி அந்தச் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் ஞாயிறு பணியில் இருந்த தோழிக்குப் போன் போட்டாள்.

"பேக்கரிக்குப் பின்னால, அஞ்சு மாடி, மேல தண்ணி ஏறல. எந்தக் கட்டடம்னு பாருடி."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். சொல்லு. ஒருத்தர் உயிர்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நீலக் கேட்டு வீடு. மோட்டார் ரிப்பேர்னு வாரா வாரம் கூப்பிடுவாங்களே, அதுதான்."

அவள் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "என்னங்க, வண்டியை எடுங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் கணவர் துணியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். பேருந்தை அத்தனை பதவிசாக ஓட்டுகிறவர், அன்று ஸ்கூட்டரைச் சந்துபொந்தெல்லாம் விட்டு ஓட்டினார். பின்னால் உட்கார்ந்தபடியே அவள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றாள் இரண்டுக்கும்.

நீலக் கேட்டுக்குள் காவலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அஞ்சாவது மாடியில தனியா இருக்கறவர் யாருங்க? அவர் வீட்டைத் திறக்கணும்."

"நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்கதான்."

"அவர் பேரென்ன?"

எத்தனையோ மாதங்களாக அவள் தினமும் சீண்டிய மனிதர், பெயர் தெரியாது. "கல்லு" என்று சொன்னால் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்.

"பேரே தெரியாம தெரிஞ்சவங்களா?"

"செஸ் விளையாடுவோம். இப்ப விளையாடிட்டே இருந்தார், திடீர்னு அசைவைக் காணோம். சர்க்கரைக்கு ஊசி போடறவர். அதிகம் பேச மாட்டார். உங்களுக்கு வணக்கம் மட்டும் சொல்வார், அவ்வளவுதான்."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கற சாரா?" என்றார் கடைசியில். "வெளிய போயிருப்பார்மா." சொன்னாலும் எழுந்துவிட்டார். குழாய் உடைந்தால் மூடுவதற்காக எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி அவரிடம் இருந்தது. ஆனால் ஐந்தாவது மாடியில் நின்றுகொண்டு அதை எடுக்கத் தயங்கினார். மணியை அடித்தார், தட்டினார். "திறந்து, அப்புறம் ஏதாவது காணாமப் போச்சுன்னா என் வேலை போயிடும்."

அவள் கணவர் குனிந்து கதவோரம் காட்டினார். "செருப்பு இங்கதானே கிடக்கு."

சாவி திரும்பியது.

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். காவலாளி வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றப் போனபோது அவள் தடுத்தாள். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கணவர் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டக் கீழே ஓடினார்.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். மேஜையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. குதிரையை வெட்டிய காய் அதே இடத்தில் நின்றது. கை எட்டும் தூரத்தில் சுட்டெலி. ஒரே ஒரு சொடுக்கு. திருப்பி வெட்டிவிட்டால் எதிராளி யோசிக்கத் தொடங்குவார். அணி பிழைக்கக்கூட வழி உண்டு. அணி அறையில் எழுதியதை யாரும் புகார் செய்யாமலே போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

கை உயர்ந்தது உண்மை. அந்தக் கையாலேயே திரையை அணைத்துவிட்டு மறுபடி அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் இடிபடும் சத்தம் கேட்டது.

தீர்ப்பு அன்று மாலையே வந்துவிட்டது. போட்டிக் குழு மிகவும் வருந்துவதாகவும் விதி விதிதான் என்றும் சொன்னது. அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 'ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா போதுமே, அணி அறையில எழுதணுமா?' என்று கேட்டுவிட்டு ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். பல பேர் அவரைத் திட்டினார்கள். அவள் திட்டவில்லை. அந்தக் கேள்வியை அவளும் தனக்குள் கேட்டுப் பார்த்திருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குப் போனாள். ஒல்லியான மனிதர், நினைத்ததைவிட இளையவர், தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டில் பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது. அவள் படித்துக்கொண்டாள், ஆனால் அந்தப் பெயரால் கூப்பிட நா எழவில்லை.

"வெடிங்களா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேரம் முடிஞ்சு போச்சா?"

"போச்சு. டீமும் போச்சு. நான் அணி அறையில எழுதிட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தையும் எதிர்பார்க்கவில்லை. "ஜெயிக்கிற ஆட்டம்" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"தெரியும். திருப்பி வெட்டாம உக்காந்திருந்தீங்களே, அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

அவர் திரும்பினார். "திருப்பி வெட்டக் கூடாதுங்க."

"என்னது?"

"வெட்டினா டிரா. முதல்ல ராணியால ஒரு செக் வைக்கணும். ராஜா எந்தப் பக்கம் போனாலும் அப்புறம் வெட்டலாம். அதைத்தான் கணக்குப் போட்டுட்டிருந்தேன். பாதியில கண்ணு இருட்டிடுச்சு."

அவள் மனதுக்குள் காய்களை அடுக்கிப் பார்த்தாள். ராணி, செக், ராஜா ஒதுங்குகிறது. ஆமாம். நேற்று அந்த அறையில் அவள் கை உயர்ந்து செய்யப் போனது மட்டமான நகர்த்தல். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நிஜமாகவே அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தன் சந்தேகத்துக்குக் காரணமே தப்பு என்பது உறைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. பேசிட்டே இருங்க" என்றாள்.

அவர் பேசினார். ராஜா இடப்பக்கம் ஒதுங்கினால் என்ன, வலப்பக்கம் ஒதுங்கினால் என்ன என்று விரலால் போர்வைமேல் கட்டம் போட்டு, பார்வை நேரம் முடிந்துவிட்டதென்று செவிலி வந்து சொல்லும் வரை பேசினார்.