ஒரு தடவைக்கு ஒரு புள்ளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. சுங்கை பினாங் பிளாட்டில், பட்டப்பகலில், சிவநேசனுக்கு நடந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனிதர் அவர். பழைய ஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பவர். மின்சாரம் ஓடும் விதத்தைத் திரையில் பச்சையாக வரைந்து காட்டும் லேப் கருவிதான் ஸ்கோப்.

அவர் மனைவி காமினிக்கும் அதே வேலைதான். பினாங் தீவின் தெற்கே ஒரு தொழிற்சாலை லேபில் இருந்தாள். போன தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அங்கேயே, வேலை மேசையிலேயே இறந்துபோனாள்.

எப்படி என்றால்... ஸ்கோப்பின் வயிற்றில் சொருகும் பெட்டிகளில் சாம்பிளிங் பிளக்-இன் என்று ஒன்று உண்டு. அறுபதுகளில் செய்த சாமான். உள்ளே இருக்கும் டயோடுகள் அவ்வளவு மென்மை. கேபிளில் தங்கியிருக்கும் துளி மின்சாரம் போதும், கருகிவிடும். அதனால் கேபிளை மாட்டும் முன் அதன் நுனியை ஸ்கோப்பின் இரும்பு உடம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள். டிக். தங்கியிருப்பது இறங்கிவிடும். காமினி ஒருநாளும் அதை மறந்ததில்லை. சிவநேசன் மறந்தால், "ஐயாவுக்கு ரொம்ப அவசரமோ? டயோடு என்ன உங்க அப்பா கடையிலயா விக்கிது?" என்பாள்.

அன்று லேபில் இருந்த ஸ்கோப்புக்கு யாரோ எர்த் இல்லாத பிளக்கைப் போட்டிருந்தார்கள். உள்ளே கசிந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் இரும்பு உடம்பில் நின்றது. காமினி கேபிள் நுனியை விரலால் பிடித்தபடி, வழக்கம்போல் தட்டினாள்.

பக்கத்து மேசையில் இருந்தவன் இஸ்மாயில். சாவு வீட்டில் அவன்தான் சிவநேசனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒரே செகண்டுதான் அண்ணே. அக்காவுக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது லா."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சிவநேசன் அதற்குப் பிறகு சோறு தின்றார், தூங்கினார். அவள் கஷ்டப்படவில்லை. முடிந்துவிட்டது. அது போதும் அவருக்கு.

லேபில் அந்த ஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்த பிளக்-இன்னை மட்டும் சிவநேசன் கேட்டு வாங்கி வந்தார். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. வீட்டில் பேச ஆளில்லை. அதை எடுத்துத் துடைத்துத் தன் ஸ்கோப்பில் சொருகினார். எர்த் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

கேபிள் எதுவும் மாட்டவில்லை. திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது அங்கேயே நிற்க வேண்டும். நின்றது.

டிக்.

புள்ளி ஒரு நூல் வலப்பக்கம் நகர்ந்தது.

மழைத் தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்தார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

டிக்.

சத்தம் ஜன்னலில் இல்லை. ஸ்கோப்பின் உடம்பில் கை வைத்தார். டிக்... உள்ளங்கைக்கு நேர் கீழே, இரும்பு அதிர்ந்தது.

மார்க்கர் பேனாவை எடுத்தார். புள்ளி நிற்கும் இடத்தையெல்லாம் திரைக் கண்ணாடிமேல் குறித்துக்கொண்டே வந்தார். வெளிச்சம் மங்கும்வரை குறித்தார். முதலில் எல்லாம் ஒரே மட்டம். பிறகு, திரையின் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின. செங்குத்தாக.

பேனா கையில் நின்றுவிட்டது.

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் அவருக்குத் தெரியும். கண் இமைப்பதைவிட வேகமாக நடக்கும் ஒன்றை இதால் ஒரே மூச்சில் வரைய முடியாது. அது நடக்கும்போது ஒரு புள்ளி வைக்கும். அதுவே மறுபடி நடந்தால் சற்றுத் தள்ளி அடுத்த புள்ளி. இப்படித்தான் கோடு வரும். ஒரே ஒரு தடவை நடந்து முடிந்ததை இது காட்டவே காட்டாது.

திரையில் ஏறிய கோடு, ஓர் உடம்புக்குள் மின்சாரம் பாயும் கணம்.

டிக். ஒரு தடவை.

டிக். இன்னொரு தடவை.

அவளுக்கு அது... இன்னும் முடியவில்லை.

இஸ்மாயிலுக்குப் போன் போட்டார். அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து, கடல் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் நனைந்தபடி வந்தான். வாசலில் நின்று, மழைக்கு ஸ்கோப்புக்கும் சளி பிடித்துவிட்டதா என்று சிரித்தான். உள்ளே வந்தான். டிக் சத்தம் அவன் காதிலும் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

திரை இருண்டது. அமைதி.

"இஸ்மாயில்..." என்றார் சிவநேசன். "நாம அணைச்சா, அங்க அவளுக்கு நிக்குமா?"

அவன் ஸ்கோப்பிலிருந்து பெட்டியைக் கழற்றினான். பிளக்-இன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டு வந்தான். முகத்தில் ஒரு தெளிவு. பெட்டியைத் திறந்து பார்த்ததாகச் சொன்னான். உள்ளே டயோடுகள் எல்லாம் கரிக்கட்டை. காமினி போன அன்றே கருகியவை.

"இது குருடு அண்ணே. இதால எதையும் பாக்க முடியாது. அன்னைக்கு ஏதோ லீக்கேஜ். மறந்துருங்க லா."

சிவநேசனுக்கு அன்றுதான் மூச்சே வந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்றார். சொருகினார்கள். அணைத்துப் போட்டால் புள்ளி இடது ஓரத்திலிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கும். எந்த ஸ்கோப்பும் அப்படித்தான். கண்ணாடிமேல் பேனாக் குறிகள் நடுப்பக்கம் வரை அப்படியே இருந்தன.

இருவரும் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே எதுவும் வரவில்லை.

புள்ளி வலது ஓரத்தில், இனி நகர இடமில்லாமல் எரிந்தது. கடைசிக் குறியைத் தாண்டி... ரொம்ப தூரம் தாண்டி. பிளக்-இன் துணிக்குள் சுற்றிக் கிடந்த அந்த ஒரு வாரமும், ஒரு நாள்கூட விடாமல், அது நகர்ந்திருந்தது.

இஸ்மாயில் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. சிவநேசன் எங்கேயும் போவதில்லை. கருவியை அணைப்பதும் இல்லை. அணைத்தாலும் நிற்காது என்று தெரிந்துவிட்டது. அணைத்தால் அவள் தனியாக இருப்பாள், அவ்வளவுதான்.