யாருமில்லாத வார்டு

காலை பத்து இருபதுக்கு அண்ணி போன் செய்தாள். அண்ணன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோய்விட்டாராம். மருத்துவமனைச் சமையலறையின் தலைமைச் சமையல்காரியான தங்கை, சாமான் அறையில் அவருடைய காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். நாளைப் பகல் சாப்பாட்டுக்கான சாமான் பட்டியல் பதினொன்றுக்குள் கடைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் நூற்றெண்பது நோயாளிகளுக்கு அடுப்பு எரியாது.

"அரை மணி நேரத்துல கிளம்பிடறேன் அண்ணி," என்றாள்.

அந்தச் சாமான் அறையில் அண்ணனுக்கு முப்பத்தொரு வருஷம். வாயைத் திறந்தால் பட்டியல்தான் வரும். பெயரே 'பட்டியல்' என்று ஆகிவிட்டது. கல்லூரியில் படித்து மறந்த அணிப் பெருக்கலைப் போன வருஷம்தான் தூசி தட்டி எடுத்து, இருபது வரியில் கணினிக்கு ஒரு நிரல் எழுதினார். எந்த வார்டில் எந்தச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று ஓர் அட்டவணை. ஒரு சாப்பாட்டுக்கு மாவு, பால், காய், உப்பு எவ்வளவு என்று இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வார்டுவாரியாகச் சாமான் வந்து விழும்.

வார்டு நான்கு, சாப்பாட்டு வகை நான்கு, சாமானும் நான்கு. அதுதான் வினை; எதை முன்னால் கொடுத்தாலும் அளவு பொருந்திவிடும், விடை மட்டும் தப்பாக வரும். ஒரு நாள் அட்டவணைகளை முன்பின்னாகக் கொடுத்துவிட்டார். கணினி மறுபேச்சுப் பேசாமல் பெருக்கித் தள்ளியது.

"அண்ணே, குழந்தைங்க வார்டுக்கு உப்பு எழுபது கிலோவாம். வைத்தியம் பாக்கறோமா, ஊறுகாய் போடறோமா?"

மறுநாள் பார்த்தால், வார்டு அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு வார்டு முளைத்திருந்தது. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

"இங்க யாருக்கு நான் சமைக்கணும்?"

"யாருக்கும் வேணாம். இனிமே வரிசை மாறினா அளவு பொருந்தாது. பொருந்தலைன்னா நின்னுடுன்னு எழுதிட்டேன். காவலுக்கு ஒரு ஆள், சோறும் கேக்க மாட்டான்."

இன்று அவளும் அட்டவணைகளை முன்பின்னாகத்தான் கொடுத்தாள். 'பொருந்தவில்லை' என்று திரை நின்றது. பிறகு மாற்றிக் கொடுத்தாள். உப்பு எல்லா வார்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ. சரிதான். பத்து ஐம்பதுக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் கையால்தான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கும் அண்ணன் ஓர் அட்டவணை தொடங்கியிருந்தார். அதில் மாவும் பாலும் மட்டும் நிரம்பியிருக்கின்றன.