மல்காஜ்கிரியில் நான்கு ஸ்பீக்கர்கள்

செகந்திராபாத் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. டிசம்பர் மாதம், ஆனாலும் நிழலில் நின்றால் குளிர்ந்தது. கோயம்புத்தூரில் புறப்பட்டு, சென்னையில் வண்டி மாறி, இரண்டு இரவுகள் ரயிலில் கழித்த உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மல்காஜ்கிரி?" என்றேன்.

"ஹவ் சாப், பைட்டோ" என்று ஏறி உட்காரச் சொன்னார் ஆட்டோக்காரர். ஐந்து கிலோமீட்டர், எட்டு ரூபாய். வழியெல்லாம் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஆபீசுக்கும் ரயில்வே பட்டறைக்கும் போகிறவர்கள். வீடுகளுக்கு அப்பால் ஒரு பெரிய பாறைக் குன்று தெரிந்தது. உச்சியில் வெள்ளையாக ஒரு தர்கா. "மௌலா அலி" என்று கையை நீட்டிக் காட்டினார் ஆட்டோக்காரர்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. எண்பதுகளின் கடைசி அது. கோவையில் சிறிய ஆம்ப்ளிஃபயர் பட்டறை வைத்திருந்தேன். சிங்கப்பூர் செட்டுகளைக் கேட்டுவிட்டு வந்தவர்கள், "உங்க செட்டுல பின்னாடியிருந்தும் சத்தம் வருமுங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நுட்பம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். உரிமம் கேட்டு எழுதினோம். டாலரில் கட்டவேண்டும் என்றார்கள், அதற்கு டில்லியின் அனுமதி வேண்டும், அது வரவேயில்லை. என்னிடம் வேலை செய்த பதினெட்டுப் பெண்களுக்கும் அடுத்த வருஷம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். ஹைதராபாத்தில் ஒரு தமிழ்த் தம்பதி சொந்தமாகவே அப்படியொரு சர்க்யூட் செய்திருப்பதாக உதிரிபாக வியாபாரி ஒருவர் சொன்னதும் கடிதம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே கணவர் டேனியல்ராஜ் எனக்காக நின்றிருந்தார். பூர்வீகம் நாசரேத் பக்கம். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். "வாங்க அண்ணாச்சி. பம்பாயிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரு, உங்களுக்கு முன்னாலயே. அதான் கொஞ்சம் பரேஷான், என்ன பண்றதுன்னு தெரியல" என்று மெல்லச் சொன்னார். டேனியல்ராஜ் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர், விற்கிறவர். சர்க்யூட் அவர் மனைவி மெர்சியுடையது. மெர்சி மத்திய அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வேலையை விட்டவர்.

முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. நாற்காலியில் பம்பாய்க்காரர், பெரிய கம்பெனியின் மேலாளர். அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

"இது சாதாரண ஸ்டீரியோ கேசட்டுதான்" என்றார் மெர்சி. "ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற சத்தத்தை முன்னால நிறுத்துறேன். வித்தியாசப்படுறதைப் பிரிச்சுப் பின்னால அனுப்புறேன், கொஞ்சூண்டு தாமதமா. அப்பத்தான் காது குழம்பாது."

கேசட்டை ஓடவிட்டார். அவர்களுடைய தேவாலயத்தில் நடு பெஞ்சில் உட்கார்ந்து பதிவு செய்தது. முன்னால் பாடகர் குழு பாடியது. சரி, நல்ல ஸ்டீரியோ என்று நினைத்தேன். அடுத்த கணம் சபை முழுவதும் எழுந்து சேர்ந்து பாடியது, என் முதுகுக்குப் பின்னால். அறையின் சுவர்கள் போய்விட்டன. தலைக்கு மேல் கூரை உயர்ந்தது. நான் தேவாலயத்துக்குள் ஒருநாளும் கால் வைத்தவனில்லை. அன்று அதன் நடுவில் இருந்தேன். பின்னாலிருந்து ஒரு குழந்தை அழுதது. திரும்பிப் பார்த்தேன். இரும்பு பீரோ நின்றது. அதே நேரத்தில் பம்பாய்க்காரரும் திரும்பியிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினாலு வருஷம் ஆம்ப்ளிஃபயர் செய்தவன் நான். என் கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

பிறகு பேரம். பம்பாய்க்காரர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். அந்த ஊரில் சொந்த வீடே கட்டலாம். நிபந்தனை ஒன்றுதான்: வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. என்னால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தர முடியாது. வந்த வழியே திரும்பவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெர்சி அவரிடம் இந்தியில் கேட்டார்: "இதை எப்போ செய்யத் தொடங்குவீங்க?"

அந்த மனிதர் ஒளிக்கவில்லை. அடுத்த வருஷமோ, அதற்கு அப்புறமோ. இப்போதைக்கு வேறு யாரும் செய்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

மெர்சி கணவரைப் பார்த்தார். வாடகை வீடு அது. "நீ போட்ட சர்க்யூட். நீ சொல்லு" என்றார் டேனியல்ராஜ்.

"ஃபாக்டரில நான் வரைஞ்சது எல்லாம் அலமாரில பூட்டிக் கெடக்கு. ஒண்ணுகூட யாரு வீட்டுக்கும் போய்ச் சேரல. இன்னொன்னையும் பூட்ட நக்கோங்க, வேண்டவே வேண்டாம்" என்றார் மெர்சி, தமிழில். பிறகு அதையே இந்தியில் பம்பாய்க்காரரிடம் மரியாதையாகச் சொன்னார். யார் கேட்டாலும் ஒரே உரிமம்: செட்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகை, முதல் செட்டை மெர்சி கேட்டுப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே விற்பனை.

"ஏனுங்க மேடம், வெளிநாட்டுக்காரனும் இதையேதானுங்க கேட்டான்" என்றேன்.

"நான் ரூபாயில கேக்கேன்ல" என்று சிரித்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன். பம்பாய்க்காரர் போடவில்லை. ஆனால் கிளம்பும் முன், "இன்னொரு முறை கேட்கலாமா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் டேனியல்ராஜ் ஸ்கூட்டரில் ஸ்டேஷனில் விட்டார். ரயிலில் சர்க்யூட் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஐ.சி. சில்லின் எண்ணும் அச்சடித்ததுபோல் தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் தெருவில் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் மூன்று பேர். பக்கத்துக் கடைக்காரன் தெரிந்துகொள்ளக் கூடாதென்று, ஐ.சி.யின் எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டுத்தான் போர்டில் பொருத்துவோம். எனக்கும் பக்கத்துக் கடைப் பழனிசாமிக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். அவர் பட்டறையும் அந்த வருஷம் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

கோவையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராகப் பழனிசாமி கடைக்குப் போனேன். சால்டரிங் கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மல்காஜ்கிரின்னு ஒரு ஊருங்க" என்றேன். "நீங்களும் ஒருக்கா போய்க் கேட்டுப்போட்டு வாங்க."

அவர் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.