பொதுவாசல் சொன்ன உறவு

தலைச்சன் பிள்ளையை மாமனார் மாமியாருக்குக் கொடுத்துவிடுவது எங்கள் கசாக் இனத்தின் வழக்கம். ஜனாரும் கொடுத்தாள். அவள் பிள்ளை சன்ஜர், தாத்தாவின் மகனாகவே பதிவானான். பெற்றவளை அண்ணி என்று கூப்பிட்டே வளர்ந்தான். பெரியவர்கள் மனம் நோகுமே என்று அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? கேட்கவில்லைதான். பொறுத்துக்கொண்டாள்.

அந்த வயிற்றெரிச்சலையெல்லாம் வேலையில் காட்டினாளோ என்னவோ, அல்மாத்தி நகர மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. உடன் வேலைபார்த்த தௌலெத்துக்குத் தெரிந்தது ஒரே வழி: இந்த சிஸ்டத்திலிருந்து அந்த சிஸ்டத்துக்கு நேராக ஓர் இணைப்பு, போதாவிட்டால் இன்னொன்று. அந்தச் சிக்கலைப் பார்த்தாலே ஜனாருக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாரும் ஒரே பொதுவாசல் வழியாகத்தான் கேட்க வேண்டும். ரத்த வகையைப் பரிசோதனைக்கூடம் சொல்லட்டும், உறவைப் பிறப்புப் பதிவகம் சொல்லட்டும், அவரவர் சொன்னதே முடிவு என்றாள். தௌலெத் மல்லுக்கட்டினார்.

"ஒருத்தன் தப்பாச் சொன்னா எல்லாருக்கும் தப்பாயிடுமே, தங்கச்சி. டாக்டருங்க திருத்த ஒரு சந்தாவது விட்டு வை."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்துபொந்தையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் சன்ஜரின் ஈரல் கெட்டது. ரத்த உறவில் யாராவது ஈரலில் ஒரு துண்டு தர வேண்டும். பெற்ற தகப்பன், ஜனாரின் கணவன், சர்க்கரை நோயாளி; அவளுடைய அடுத்த பிள்ளை சின்னவன். ஜனாருடையது பொருந்தியது. டாக்டர் அவள் பெயரைப் பதிந்தார். பொதுவாசல் பதிவகத்தைக் கேட்டது. திரையில் பதில் வந்தது. தானம் தருபவர் நோயாளியின் அண்ணன் மனைவி. ரத்த உறவு இல்லை. அனுமதி இல்லை.

"நான் பெத்தவ, டாக்டர்."

வாழ்நாளில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொல்கிறாள், பாவி. டாக்டர் கையை விரித்தார். பொதுவாசல் விடாமல் அறுவை அறைக்குள் ஒரு பெயரும் ஏறாது. அந்தக் கட்டளையை எழுதியவளும் அவள்தான்; தானே நினைத்தாலும் திறக்க முடியாதபடி எழுதியிருந்தாள். பதிவைத் திருத்தச் சொல்ல மாமனாரும் மாமியாரும் உயிரோடு இல்லை. எந்தப் பரிசோதனையைக் காட்டினாலும் கோர்ட் உத்தரவு வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும், பையன் ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்றார்.

தௌலெத்தின் காலில் விழாத குறைதான்.

"ஒரே ஒரு இணைப்பு, அண்ணா. என் வாசலைத் தாண்டி நேராப் போட்டுடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலையிலேர்ந்து அதைத்தாம்மா பாக்கறேன். நீ அடைச்சது. எனக்கு எங்க திறக்கும்?"

படுக்கையருகே போய் உட்கார்ந்தாள். சன்ஜரின் கண்ணெல்லாம் மஞ்சள்.

"அண்ணி, உங்க சிஸ்டம் என்ன சொல்லுது?"

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூப்பிடறதையேதான்டா சொல்லுது."