கூடலூரில் ஐந்து நிமிட நடையில் கடற்கரை

என் அண்ணன் மனைவி போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"ஏத்தா, ரெண்டு மாசமாச்சு. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல" என்றார்.

எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரமானது. அண்ணனும் மதினியும் கூடலூரில் இருக்கிறார்கள். திராட்சை விவசாயம். மகளுக்கென்று மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீடு கட்டினார்கள். அவள் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வெளிநாடு போய்விட, வீடு பூட்டியே கிடந்தது. குமுளிக்கும் தேக்கடிக்கும் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போகவேண்டும், அவர்களில் நாலு பேர் நம் மாடியில் தங்கிப் போனால் என்ன என்று மதினிக்குத் தோன்றியிருக்கிறது. யோசனை முழுக்க அவருடையது. மொபைல் கடைக்காரர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, சுற்றுலா வருகிறவர்கள் வீடு தேடும் ஆப் ஒன்றில் மாடிவீட்டைப் போடச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பிரஸ்ல இருந்தவ. எம்புட்டு நோட்டீஸ் எழுதியிருப்ப. அதுல என்ன குத்தமின்னு பாத்துச் சரி பண்ணிக் குடு."

தேனியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, கடை திறப்பு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கைபட்டுத்தான் போகும். இப்போது சின்னமனூரில் வீட்டோடு இருக்கிறேன். ஒருவர் என் எழுத்தைத் தேடி வந்து வெகுநாள் ஆகியிருந்ததால், மதினி கேட்டது உள்ளுக்குள் இனிக்கவே செய்தது. போனை வைத்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

ஆங்கிலத்தில் இருந்தது. 'தேக்கடி அருகே சொகுசு வீடு' என்ற தலைப்பு வரைக்கும் சரி. அதற்குக் கீழே, ஐந்து நிமிட நடையில் கடற்கரை என்று இருந்தது. மாலையில் படகுச் சவாரி. அப்போதுதான் பிடித்த மீனில் சமையல். மொபைல் கடைக்காரர் எங்கோ ஒரு கடலோர ஊர் வீட்டின் விளம்பரத்தை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

உடனே மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, உங்க வீட்டுப் பக்கத்துல கடல் இருக்காமே?"

"எது?"

வரிக்கு வரி தமிழில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதான் அந்தாளு அப்பிடிக் கேட்டாரா" என்றார்.

ஒரே ஒருவர் போன் செய்திருக்கிறார். தண்ணீர் எவ்வளவு தூரம் என்று கேட்டாராம். "நா ஆத்தச் சொல்றாருன்னு நெனச்சேன்த்தா. நடந்தா வந்துரும், இப்பப் பெரியாத்துல தண்ணி நெறையப் போகுதுன்னேன். அலை பெருசா வருமான்னு கேட்டாரு. அதெல்லாம் வராது, எங்கூருப் பிள்ளைக பூரா அதுலதான் குளிக்கும்னேன்."

சொல்லிக்கொண்டு வரும்போதே மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. "பாவம் அந்த மனுசன், நீச்சல் டிரவுசர எடுத்து வச்சிருப்பாரு" என்று அவர் சொன்னதும் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

படங்கள் அடுத்த கதை. மொத்தம் பன்னிரண்டு. முதல் படமே குளியலறை வெந்நீர் ஹீட்டர். வாங்கிய சாமான்களில் விலை கூடியது அதுதான் என்பது மதினியின் நியாயம். அடுத்து கண்ணாடி பதித்த பீரோ. அந்தக் கண்ணாடிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாதி மதினி. மூன்றாவது படத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. எந்தப் படத்திலும் ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த மாடியில் நானும் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. புதுமனை புகுவிழாவில் பாயசம் குடித்ததோடு சரி. அதனால் சனிக்கிழமை கூடலூருக்குப் பஸ் ஏறினேன்.

"இன்னைக்கு நா உங்க நாத்தனா இல்ல மதினி. ரூமு எடுத்து வந்திருக்க ஆளு. தெரியாத ஆளா நெனச்சுக்கங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். மாடிப்படி செங்குத்தாக ஏறியது. பையோடு நான் மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கியது. ஐந்து நிமிடத்தில் கதவு படாரென்று திறந்தது. கையில் காபியோடு மதினி. அடுத்து பணியாரம். அடுத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க. நாலாவது தடவை எதற்கு வந்தாரென்று அவருக்கே தெரியவில்லை. "சும்மாதான் வந்தேன்" என்றார். ஒரு தடவைகூடக் கதவைத் தட்டவில்லை.

குளிக்கலாம் என்று வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஹீட்டரின் சுவிட்ச் கீழே அவர்கள் அடுப்படியில் இருக்கிறதாம். ஈரத் துண்டை மாட்ட ஓர் ஆணி கிடையாது. மெத்தைக்கும் பிளாஸ்டிக் உறை. புரண்டு படுத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கோபம் வரவில்லை. வெளியாளாக இருந்து பார்த்தால் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை.

விடிவதற்குமுன் முழிப்பு வந்தது. ஜீப்புகள். ஏலத் தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மலைக்குப் போகிற ஜீப்புகள். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சத்தமாகப் பேசிச் சிரிப்பது மாடி வரைக்கும் கேட்டது. இனி தூக்கம் வராது என்று எழுந்து, இறுகிக் கிடந்த சன்னலைத் தள்ளித் திறந்தேன்.

கீழே அண்ணனின் திராட்சைப் பந்தல், ஒரே பச்சை விரிப்பாக. அது முடிகிற இடத்தில் மலை எழும்பி நின்றது. மலையின் இடுப்பில் மேகம் ஒரு துண்டுபோலக் கிடந்தது. எத்தனையோ முறை வந்துபோன ஊர்தான். ஆனால் அந்த உயரத்திலிருந்து, அந்த நேரத்தில் பார்த்ததில்லை. பல் விளக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு, "மதினி, மேல வாங்க" என்று கத்தினேன்.

பதறி ஓடிவந்தார். சன்னலைக் காட்டினேன்.

"என்னத்தா?"

"மலை."

"மலை அங்கனயேதான இருக்கு. இதத் தெனமும் பாக்குறோம். இதப் போயி எவன் படம் பிடிப்பான்?"

"இதத்தான் பிடிப்பான்."

அன்றைக்குக் காலையிலேயே வேலையைத் தொடங்கினோம். சோபாவின் உறையைப் பிரிக்கச் சம்மதிக்க வைக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. "அழுக்காயிரும்த்தா" என்று கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கடைசியில் அவரே வெட்டினார். உள்ளே மயில் கழுத்து நிறம். வாங்கிய நாளுக்குப் பிறகு அவரும் அந்த நிறத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. தடவிப் பார்த்தார், உட்கார்ந்தார், ஒரு தரம் எம்பிக்கூடப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த முகத்தோடு அவரைப் படம் எடுத்தேன். பட்டுச் சேலை கட்டி வருகிறேன் என்று எழுந்தவரை விடவில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் சண்டை வந்தது. ஜீப்பையும் செங்குத்துப் படியையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"பொண்ணு பாக்க வர்றவககிட்ட, எம்மகளுக்குப் பல்லு எடுப்புன்னு எவளாச்சும் வாசல்லயே நின்னு சொல்லுவாளா?" என்றார் மதினி.

"வந்து பாத்தாத் தெரியத்தான மதினி போகுது? கடல் இருக்குன்னு நம்பி வந்திருந்தா அந்தாளு என்ன செஞ்சிருப்பாரு?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் மளமளவென்று எழுதி முடித்தேன். 'இயற்கை எழில் கொஞ்சும் கம்பம் பள்ளத்தாக்கின் மடியில், தென்றல் தவழும்' என்று ஆரம்பம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோட்டத்திலிருந்து வந்த அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கை கழுவியபடியே கேட்டுவிட்டு, "கல்யாண மண்டபத்துக்கா எழுதுன?" என்றார்.

முகம் சுருங்கிப்போனது எனக்கு. "அப்ப நீங்க சொல்லுங்கண்ணே, எப்பிடி எழுதணும்னு."

"எழுதுறதுக்கு என்ன இருக்கு? இது நாங்க குடியிருக்க வீடு. மாடிய வர்றவகளுக்கு விட்டிருக்கோம். படி செங்குத்து, பாத்து ஏறணும். விடியுமுன்ன ஜீப்பு போகும், முழிப்பு வந்துரும். முழிச்சா சன்னலத் தொறங்க, மலை தெரியும். பழம் இருக்க காலத்துல பந்தலுக்குள்ள வந்து பறிச்சுத் திங்கலாம். அம்புட்டுத்தான?"

நான் நோட்டைப் புரட்டி, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துத் தென்றலும் எழிலும் ஒரே நிமிடத்தில் போய்விட்டன. ஆனால் திரும்பப் படித்தபோது அந்த வீடு அதில் இருந்தது. எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டேன். முதல் படமாகத் திறந்த சன்னல். இரண்டாவது சோபாவில் மதினி. அடுத்த வாரமே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஹீட்டர் சுவிட்சை மேலே கொண்டுபோய், நாலு கொக்கியும் அடித்துவிட்டதாக மதினி போனில் சொன்னார். மெத்தை உறையும் போயிற்று.

விளம்பரத்தை மாற்றிப் போட்ட ஒன்பதாவது நாள் மறுபடி போன். "ஆளு வருது! மூணு பொம்பளைக. கேரளாக்காரக. நீயும் வா, எனக்குப் படபடன்னு வருது."

போனேன். மூவரும் அக்கா தங்கைகள். மூவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். மூத்தவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க மதுரைக்குப் போகிறார்கள். செங்குத்துப் படியை மூவரும் கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று, சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மதினி ஒரு தட்டு நிறையப் பணியாரம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியின் அடியில் போய் நின்றுவிட்டார். கூப்பிடாமல் போகக்கூடாது என்று நான்தான் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு கால் முதல் படியில், ஒரு கால் தரையில். பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கிறார், மேலே பார்க்கிறார். நல்லவேளையாக மூத்தவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "அய்யோ, இங்கோட்டு வா மோளே!" என்றார். மதினி ஏறிய வேகத்தில் படி செங்குத்தென்றே தெரியவில்லை.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு மலையாளம் கொஞ்சம் தொற்றிக்கொண்டுதான் இருக்கும். மதினியின் மலையாளத்தில் பாதி தமிழ். அவர்களின் தமிழில் முக்கால்வாசி மலையாளம். அந்தச் சோபாவில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்து, முழங்கால் வலியிலிருந்து மருமகன்கள் வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலை, ஜீப் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல மதினி ஏதோ சொல்லப்போனார். மூத்தவர் கையமர்த்தினார். இங்கே வருவதற்கு முந்தின இரவு மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவில் தங்கினார்களாம். அமைதி, தனிமை என்று விளம்பரம். சுற்றிலும் ஓர் ஆள் கிடையாது. மூன்று பெண்களும் கட்டிலை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். அங்கிருந்துதான் வேறு வீடு தேடியிருக்கிறார்கள். நாங்கள் எழுதியிருந்ததில் ஜீப் வரியைப் படித்ததும் இளையவர், "இங்கே போகலாம், இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னாராம். "வெளியே அந்தப் பெண்கள் பேசிக்கொண்டு போகிற சத்தத்தில் நன்றாகத் தூங்கினோம்" என்றார் மூத்தவர், பாதித் தமிழில்.

மதினி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் சிரிப்பேன் என்று தெரியும்.

அண்ணன் அவர்களைப் பந்தலுக்குள் கூட்டிப்போனார். குனிந்து நுழைந்த மூவரும் தலைக்குமேல் தொங்கிய கொத்துகளைப் பார்த்துக் குழந்தைகள்போலக் கூவினார்கள். மூத்தவர் வாய் நிறையப் பழத்தோடு காரில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து அவர்களின் மதிப்புரை வந்தது. வீடு நல்லது, மனிதர்கள் அதைவிட நல்லவர்கள் என்று எழுதி, காபியில் சர்க்கரை மிக அதிகம் என்றும் சேர்த்திருந்தார்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

"ஒண்ணக் கொறச்சுட்டாகளே!" என்று மதினிக்குப் பொறுக்கவில்லை. "மூணு தம்ளர் குடிச்சாகத்தா அந்தக் காப்பிய!"

"பதில் எழுதலாம் மதினி. என்ன எழுத?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சீனியக் கொறச்சுப் போடுறேன், அடுத்த தடவை வந்து குடிச்சுப் பாத்துட்டு அந்த ஒண்ணையும் குடுங்கன்னு எழுது."

எழுதினேன். அதற்கு மூத்தவர் இரண்டு கைகளைக் கூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினார்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தவளை மதினி மறித்தார். "அங்கன ஆளு இருக்கு. நீ கீழ எங்கூட இரு" என்றார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிடும்போது தலைக்குமேல் தடதடவென்று ஓட்டம். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் மேலே பார்த்தார்.

"ஓடட்டும், ஓடட்டும்" என்றார் மதினி, எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி.