பெட்டி எடுக்கப் போனவள்

நல்ல கொரியப் படம் ஒன்றை ஹாலிவுட்டில் மறுபடி எடுக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் இணையத்தில் கிளம்பும் கோபத்தை நான் வகை பிரித்து வைத்திருக்கிறேன். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எதையும் வகை பிரிக்காமல் பார்க்க எனக்கு வராது. முதல் வகை, நடிகை சரியில்லை. இரண்டாவது, வீடு பெரிதாகிவிட்டது. மூன்றாவது, யாரும் சரியாக அழவில்லை. நான்காவது, முடிவைக் கெடுத்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய சண்டையிலும் ஐந்தாவது வகை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த நான்கையும் பதினோரு வயதில், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கேட்டு முடித்துவிட்டேன். நான்காவது புகாருக்குக் காரணம் ஹாலிவுட் இல்லை, நான்.

லயம் என்றால் தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசை; எங்கள் லயத்தில் கடைசி வீடு அத்தை வீடு. அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். மாமா இறந்த பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓடும் பட்டையில் தூளோடு தூளாக வரும் காம்பைக் கண்ணாலேயே பிடித்து எடுத்துப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, கோழி சமைத்து, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போனவர்கள் திரும்பிவந்த பிறகு, மூன்று மணிக்கு ஆறேழு பெண்கள் அத்தை வீட்டில் கூடுவார்கள். கொரியப் படம் பார்ப்பதற்கு.

படத்தில் பேச்சு கொரிய மொழி, கீழே ஓடுவது மலாய் எழுத்து. எல்லாரும் மலாய் பேசுவார்கள், கடையில் சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்கு. ஆனால் ஓடுகிற எழுத்தைப் பிடித்துப் படிக்க யாருக்கும் பழக்கமில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் முதலாவதாக வருகிறவள் என்பதால், டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிடுவார்கள். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு மலாயில் படித்துத் தமிழில் சொல்லுவேன். கதாநாயகன், கதாநாயகி, டாக்டர், போலீஸ் எல்லாருக்கும் என் குரல்தான். முத்தக் காட்சி வந்தால் மட்டும் பெரியம்மா என் கண்ணைப் பொத்திவிடுவார். எழுத்து அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கள் லயத்துக்கு இன்றுவரை தெரியாது.

நான் பொய் படித்த படம் ஒரு மீன்காரியின் கதை. திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தொலைத்துவிடுகிறாள். மீன் விற்றுக்கொண்டே ஊர் ஊராகத் தேடுகிறாள். இருபது வருடம் கழித்து ஒரு முகவரி கிடைக்கிறது. மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டுகிறாள். வளர்ந்த மகள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து திறக்கிறாள். தாயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கிறாள். தாய் அவளையும் குழந்தையையும் பார்க்கிறாள். மன்னிக்கணும், வீடு மாறி வந்துவிட்டேன் என்கிறாள். படியிறங்கிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் படம்.

அந்த வரிகள் ஓடியபோது நான் அத்தையைப் பார்த்துவிட்டேன். அத்தை டிவியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு துண்டுத்தாள் செருகியிருப்பது எனக்குத் தெரியும். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் இருக்கும் அத்தை மகளின் முகவரி அது. அத்தை மகளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அண்ணி ஈப்போவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. "இனிமே இந்தப் படிய மிதிக்காத" என்று அத்தை சொன்னதை லயம் முழுக்கக் கேட்டது. அப்படிச் சொன்ன பிறகு மகள் வர முடியாது, அத்தைதான் போகவேண்டும். குழந்தை பிறந்த செய்தியும் முகவரியும் வேறொரு லாரிக்காரர் மூலம் வந்து நான்கு மாதமாகியும் அத்தை போகவில்லை.

நான் திரும்பவும் எழுத்தைப் பார்த்தேன். வாய் தானாகவே வேறு ஒன்றைப் படித்தது.

"மக சொல்றா, அம்மா, நீங்கதான்னு தெரியும், உள்ள வாங்க."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் படத்தில் தாய் விறுவிறுவென்று படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எப்படியாவது நிறுத்தவேண்டும்.

"அம்மா சொல்றா, இரும்மா, கீழ பெட்டி இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எதிர்வீட்டு அக்கா மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டார். "பெட்டியோட வர்றத காட்டவே இல்லியே?" அதற்குப் பெரியம்மா பதில் வைத்திருந்தார். "கொரியாக்காரன் எல்லாத்தையும் காட்ட மாட்டான்லா. நம்மளா புரிஞ்சிக்கணும்."

அந்தப் படத்தை அவர்கள் இன்னும் இரண்டு முறை போட்டார்கள். இரண்டு முறையும் அதே பொய்யை, ஒரு சொல் மாறாமல் படித்தேன். மூன்றாம் முறை முடிந்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "அடுத்த மாசம் ஈப்போவுக்கு ஒரு நடை போய்ட்டு வரலாம்னு இருக்கேன்." பெரியம்மா வாயைத் திறக்கப் போனார், எதிர்வீட்டு அக்கா அவர் முழங்காலை அழுத்தினார். மறுநாளே அத்தை தொழிற்சாலை ஆபீஸ் கிராணியிடம் லீவு சொன்னார். மஞ்சள் நூல் வாங்கிக் குழந்தைக்கு ஒரு குல்லா பின்ன ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் ஹாலிவுட் வந்து சேர்ந்தது.

பெரியம்மா மகன், என் அண்ணன், ஈப்போவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மீன்காரிப் படத்தை அமெரிக்காவில் எடுத்திருக்கிறார்கள் என்று அந்த டிவிடியை வாங்கிவந்தான். இங்கிலீஷ் படம் என்பதால் அன்றைக்கு முக்காலி அவனுக்கு. நான் தரையில் உட்கார்ந்தேன். அத்தை புறப்பட எட்டு நாள் இருந்தது.

அமெரிக்காவில் தாய் மீன்காரி இல்லை, நர்சு. முதல் காட்சியிலேயே பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"புள்ளய தொலச்சவ இப்படியா உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு இருப்பா?"

"வேலைக்குப் போறாங்கம்மா," என்றான் அண்ணன்.

"நாங்களும்தான் வேலைக்குப் போறோம்."

பிறகு நர்சின் சமையலறை வந்தது. எதிர்வீட்டு அக்கா அது நர்சின் வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்டார். நம் லயத்தில் நான்கு வீட்டை அதற்குள் வைக்கலாம் என்று ஒரு கணக்குச் சொன்னார். அவ்வளவு பெரிய சமையலறையில் ஒருத்தரும் சமைக்கவில்லை, சாப்டியான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்கவும் இல்லை என்பது அடுத்த குறை. கொரியாவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோறு சாப்பிடுவார்கள். நர்சு அழுதாள், ஆனால் திரும்பி நின்று அழுதாள். "முதுகுலயா அழுவாங்க?" என்றார் பெரியம்மா. அத்தை மட்டும் குல்லா பின்னிக்கொண்டே பார்த்தார்.

கடைசிக் காட்சி. நர்சு கதவைத் தட்டினாள். அண்ணன் நிதானமாகப் படித்தான்: "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்." நர்சு இறங்கினாள், காரில் ஏறினாள், கார் போய்விட்டது.

அண்ணன் டிவிடியை நிறுத்த எழுந்தான்.

"எங்கடா போறா அவ?" என்றார் பெரியம்மா.

"வீட்டுக்கு."

"பெட்டி?"

"எந்தப் பெட்டி?"

"அடேய், கொரியாவுல பெட்டி எடுத்துட்டு வரத்தானே கீழ போனா. இவன் கார்ல ஏத்தி அனுப்பிட்டானே. முடிவையே கெடுத்துட்டாங்க பாரு."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கொரியப் படத்தை அவனும் கல்லூரியில் பார்த்திருந்தான். அதிலும் இதே முடிவுதான், ஒரு பெட்டியும் கிடையாது என்றான். ஆறு பெண்கள் ஒரே நேரத்தில் மறுத்தார்கள். "நம்ம புள்ள மூணு தடவ படிச்சா," என்று எதிர்வீட்டு அக்கா என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"சரி," என்றான் அண்ணன். "அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு படத்தையும் கொண்டாந்து கடைசிக் கட்டத்தப் போடுவோம். நானே படிக்கிறேன். கொரியா படம் எங்க இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு," என்றார் அத்தை, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை அத்தைக்கு ஈப்போ பஸ். உண்மையான முடிவைக் கேட்டுவிட்டு அவர் அந்த பஸ்ஸில் ஏறுவாரா? தாயை அடையாளம் தெரியாத மகள், வாசலிலிருந்து திரும்பும் தாய். குல்லா அலமாரிக்குள் போய்விடும். அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வழிகளை எழுதினேன். ஒன்று, எனக்குக் காய்ச்சல். அதனால் பயனில்லை, படிக்கப்போவது அண்ணன். இரண்டு, கரண்ட் போகவேண்டும்; அது மாரியம்மன் கையில். மூன்று, டிவிடியை எடுத்து ஒளித்துவைப்பது. நான்கு, அத்தையிடம் உண்மையைச் சொல்வது. நான்காவதை இரண்டு முறை அடித்துவிட்டு, புதன்கிழமை பள்ளி விட்டதும் மூன்றாவதைச் செய்யப் போனேன்.

அத்தை அந்த டிவிடியை ஒரு கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பார். கைக்குட்டை மடித்தபடி இருந்தது. உள்ளே டிவிடி இல்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுப் போனேன். அங்கே அத்தையின் கீரைப் பாத்தி. முளைக்கிற கீரையைக் குருவி கொத்தாமல் இருக்க, பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழெட்டு சிடி வெயிலில் சுழன்று மின்னிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் மீன்காரியும் சுழன்றாள். டிவிடியின் மேல் அச்சிட்ட அவள் முகத்திலும் மறுபக்கத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்.

"அத்தை, இது நம்ம கொரியா படம்."

"அப்படியா? பழசுன்னு நெனச்சு கட்டிட்டேன்லா. இந்தக் குருவிங்க தொல்ல தாங்கல." அத்தை தொடர்ந்து தண்ணீர் ஊற்றினார்.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அத்தைக்காக வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு வீட்டு முனை திரும்பும்வரை நடந்தேன், அப்புறம் ஓடினேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மூன்று சுற்றுச் சுற்றினேன். கரண்டை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதற்கு அவள் இதைவிடச் சுத்தமான வழியைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கீறல் விழுந்த டிவிடியைத் துடைத்து, ஊதி, மூன்று முறை போட்டுப் பார்த்தான். திரை நீலமாகவே இருந்தது. கல்லூரி நண்பனிடம் இன்னொன்று வாங்கிவருகிறேன் என்றான். வேண்டாம் என்றார் பெரியம்மா. கொரியாக்காரன் நல்லாத்தான் எடுத்தான், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான், இதில் பேச ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லி முறுக்குத் தட்டை நடுவில் வைத்தார். அண்ணன் கோபத்தில் எட்டு முறுக்குச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை அத்தை போனார். புதன்கிழமை மாலை பனி இறங்குகிற நேரத்தில், ஈப்போ சாலையில் கம்போங் ராஜா பக்கமிருந்து ஒரு காய்கறி லாரி மேலேறி வந்து எங்கள் லயத்தின் முன் நின்றது. முன் சீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்: லாரி ஓட்டும் மருமகன், அண்ணி, அத்தை, அத்தை மடியில் மஞ்சள் குல்லா போட்ட ஒரு குழந்தை. அத்தை இறங்குவதற்குள் பெரியம்மா குழந்தையை ஜன்னல் வழியாகவே வாங்கிவிட்டார். அன்றைக்கு எந்த வீட்டில் சமைத்தது யார் வீட்டில் சாப்பிட்டது என்றே தெரியவில்லை. மருமகனை உட்காரவைத்துக் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் அந்தக் கொரியாக்காரன் புண்ணியம் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னபோது, அந்தப் புண்ணியத்தில் என் பங்கை நினைத்து எனக்குள் பெருமை பொங்கியது. வெளியே சொல்ல முடியாத பெருமை.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது அண்ணி பின்பக்கம் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

"ஏதோ கொரியா படம் நீதான் படிச்சுச் சொல்லுவியாமே," என்றாள். "அம்மா கத முழுக்கச் சொன்னாங்க. அந்த மீன்காரி வாசல் வரைக்கும் வந்துட்டு, வீடு மாறி வந்துட்டேன்னுட்டு எறங்கிப் போய்ட்டாளாம். போனவ போனதுதானாம். நான் அப்படிப் போக மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க."

நான் அவசரமாகத் திருத்தினேன். "இல்ல அண்ணி. அப்படிப் போறது ஹாலிவுட் நர்சு. மீன்காரி போகவே மாட்டா."

"மீன்காரின்னுதானே அம்மா சொன்னாங்க?"

"ரெண்டும் ஒரே கத மாதிரி இருக்கும் அண்ணி. சரியா பாக்கலன்னா மாறிப் போயிடும்."

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்து, ஈரக்கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தைக்கு வயதாகிறது, பாவம், இரண்டு படத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது. லயத்தில் யார் காதிலாவது விழுந்தால் சிரிப்பார்கள். அத்தையின் மறதியை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அண்ணியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் போனேன்.