அவர்கிட்ட சொல்லிடறேன்

2017 பிப்ரவரி இருபத்து மூன்று, வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு அமெரிக்கக் கீழவை உறுப்பினர் வேட் ஹாஸ்கின்ஸ் தன் அலுவலகத்தின் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனார். நான்கு மணிக்கு அவர் தீயணைப்பு நிலையக் கூடத்தில் தொகுதி மக்களைச் சந்திப்பதாக இருந்தது. காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே திரும்பி, வெர்லீனைக் கூப்பிட்டார்.

"நீ போய்ச் சொல்லிடு, வெர்லீன். வாஷிங்டன்ல அவசர வேலைன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

கார் போன பிறகும் அவள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் இருநூறு நாற்காலிகளைக் காலையில்தான் அவளும் தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டிருந்தார்கள். கூட்டம் உண்டு என்று ஊருக்குச் சொன்னதும் அவள்தான்.

பத்தொன்பது வருடங்களாக அந்த அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பது வெர்லீன் ஸ்டிதம்தான். ஹாஸ்கின்ஸ் வெள்ளம் வந்தால் ரப்பர் பூட்ஸோடு வருவார், தேர்தல் வந்தால் வருவார். மற்ற நாட்களில் அவருடைய குரல் என்றால் அது அவள் குரல். கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களைப் பேச்சு தொடங்கும்போதே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிடும். பாதிப்பேர் அவள் சர்ச்சுக்காரர்கள். யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒன்றுதான் சொல்வாள்: "அவர்கிட்ட சொல்லிடறேன்." சும்மா ஒப்புக்குச் சொல்வதில்லை. கணினித் திரையில் பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டங்களுக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மற்ற ஊர் அலுவலகங்களில் அதைக் காலியாக விடுவார்கள். வெர்லீன் நிரப்புவாள். பேசியவர் இருமினால் இருமினார் என்றுகூட எழுதுவாள்.

பதில் கடிதங்களுக்கான வாசகமும் அவள் எழுதியதுதான். வாஷிங்டனிலிருந்து வந்த வரிகள் மருந்துச் சீட்டு மாதிரி இருந்ததால் பல வருடம் முன்பு தானே உட்கார்ந்து திருத்தினாள். அதில் ஒரு வரி: "என் அம்மாவின் சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து நீங்கள் சொல்லக் கேட்டதுபோல இதைக் கேட்டுக்கொண்டேன்." ஹாஸ்கின்ஸ் படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அம்மா வீட்டில் சமைத்ததெல்லாம் வேலைக்காரிதான். இருந்தாலும், நல்லா இருக்கு, இருக்கட்டும் என்றார்.

அந்த ஜனவரியிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தை வேரோடு பிடுங்கப்போகிறார்கள் என்று செய்தி. ஹாஸ்கின்ஸும் பிடுங்கப்போகிற கட்சிதான். பாதிக்கு மேல் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களே கூப்பிட்டார்கள். எங்களுக்கு வேண்டியதை எடுக்க மாட்டார் என்று நினைத்தோம் என்றார்கள்.

ஹோபர்ட் மல்லின்ஸ் தினமும் காலை ஒன்பதுக்குக் கூப்பிடுவார். இருபத்தேழு வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்தவர். தூசி படிந்து நுரையீரல் கல்லாகிவிட்டது. அவர் பேசும்போது பின்னால் ஆக்ஸிஜன் இயந்திரம் மூச்சு விடுவது கேட்கும்.

"வெர்லீன், திறந்துட்டியா கடைய?"

"திறந்தாச்சு. சொல்லுங்க, பிரதர் ஹோபர்ட்."

அவர் சொல்வது ஒரே விஷயம். அந்தப் பெரிய சட்டத்தின் நடுவில் எங்கேயோ சுரங்கக்காரர்களுக்காகச் சில வரிகள் உண்டு. பதினைந்து வருடம் உள்ளே வேலை செய்தவனின் மூச்சு போனால், தூசியால்தான் போனது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். நோய்க்கான மாதப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவன் செத்தால், அவன் மனைவி எதையும் புதிதாக நிரூபிக்காமல் அதைத் தொடர்ந்து வாங்கலாம். அந்த வரிகள் வருவதற்கு முன் ஹோபர்ட்டின் சகலை செத்தார். தூசிதான் காரணம் என்று நிரூபிக்க, மனைவி கையெழுத்துப் போட்டு அவர் உடலை அறுக்கவிட வேண்டியிருந்தது. நுரையீரலை எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். கம்பெனி டாக்டர் அதைப் பார்த்து, சிகரெட் என்று எழுதினார். அந்த மனைவி ஹோபர்ட்டின் மனைவி ஓலீட்டாவின் அக்கா.

"என்ன முழுசாப் புதைக்கணும், வெர்லீன். ஓலீட்டா எங்கயும் போய்க் கையெழுத்துப் போடக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது. அவன் படிப்பானா?"

"படிப்பாரு. நான் அவர்கிட்ட சொல்லிடறேன்."

சட்டத்தை எடுத்தால் அந்த வரிகளும் போகுமா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியாது. வாஷிங்டனைக் கேட்டாள். அவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை நான்கு மணிக்குக் கூடம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். வெர்லீன் மேடையேறி, அவசர வேலை என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், பின்வாசல் வழியாகப் போற அளவுக்கு அவசரமா என்று கேட்டான். அவன் அலுவலகத்துப் பின்தெருவில் டயர் கடை வைத்திருப்பவன், பார்த்திருக்கிறான். கூடம் கொதித்தது. யாரோ மேடைக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, அதன்மேல் சுரங்கத் தலைக்கவசம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"ஹாஸ்கின்ஸத் தேடினீங்கள்ல, உக்காந்திருக்காரு பாருங்க," என்றாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி. "வழக்கத்தவிட நல்லா காது குடுத்துக் கேக்கறாரு."

ஒருவர் பின் ஒருவராக எழுந்து நாற்காலியிடம் பேசினார்கள். இன்சுலின், டயாலிசிஸ், மகளின் பிரசவம். சிரித்தவர்கள் போகப்போகச் சிரிப்பதை விட்டார்கள். வெர்லீனை யாரும் திட்டவில்லை. அவள் இறங்கிப் போவதற்கும் யாரும் வழிவிடவில்லை. ஹோபர்ட் முன்வரிசையில் சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியிடம் பேசவில்லை. நான் சொல்ல வேண்டியதை வெர்லீன்கிட்ட சொல்லியாச்சு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது.

மே மாதம் சட்டத்தை நீக்கும் மசோதாமீது ஓட்டெடுப்பு வந்தது. முந்தின நாள் வாஷிங்டனிலிருந்து ஒரு பெண் அழைத்து, வந்த அழைப்புகளின் மொத்த எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொன்னாள். ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு இரண்டாயிரத்துச் சொச்சம். ஹாஸ்கின்ஸ் குறிப்புகளைப் பார்த்தாரா என்று வெர்லீன் கேட்டாள்.

"எந்தக் குறிப்பு, மேம்?"

"கீழே இருக்கற பெட்டியில எழுதறது."

"ஓ, அதுவா. அது இங்க வராதே. உங்க ஆஃபீஸ் வசதிக்காக வெச்சது. எங்களுக்கு நம்பர் மட்டும்தான் வரும்."

எப்போதிலிருந்து என்று கேட்டாள். எப்பவுமே அப்படித்தான் என்றாள் அந்தப் பெண். குரலில் அவமரியாதை எதுவும் இல்லை.

மறுநாள் ஹாஸ்கின்ஸ் சட்டத்தை நீக்க ஓட்டுப் போட்டார். மசோதா கீழவையில் தேறியது. வெர்லீன் வேலையை விட்டு, அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, போகிற வழியில் ஹோபர்ட் வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினாள். ஓலீட்டா பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். ஹோபர்ட் வெர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத அவன் படிச்சானா?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். நான்கு மாதம் தினமும் காலையில் இந்த மனிதர் மூச்சைக் கூட்டிக்கூட்டிப் பேசியது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"படிச்சாரு," என்றாள்.

ஹோபர்ட் ரொட்டியில் ஒரு துண்டு பிட்டார்.

"படிச்சுட்டுமா அப்படிப் பண்ணான்?"

ரொட்டியைப் பிட்டது பிட்டபடி தட்டில் கிடந்தது. அவள் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்து, குழாயை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் யாருக்கும் தொலைபேசி செய்யவில்லை என்று ஓலீட்டா சொன்னாள். ஜூலையில் மேலவையில் மசோதா தேறாததால் சட்டம் பிழைத்தது. சுரங்கக்காரர்களின் வரிகளும் பிழைத்தன. அதைச் சொல்லப் போனபோது ஹோபர்ட் தலையை மட்டும் ஆட்டினார். அக்டோபரில் இறந்தார். முழுசாகத்தான் புதைத்தார்கள். ஓலீட்டா எந்தக் கையெழுத்தும் போடவில்லை.

வெர்லீன் பள்ளி உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை ஓலீட்டா அவள் வீட்டுக்கு வந்தாள். ஹோபர்ட் மல்லின்ஸ் பெயருக்கு வந்திருந்த ஒரு உறையை நீட்டினாள்.

"கண்ணாடியக் கொண்டுவரல. வீட்டுல ஒரு தடவை படிச்சேன், திரும்பவும் கேக்கணும்போல இருக்கு. படி."

அலுவலகத்தைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி, தாமதத்துக்கு வருந்துகிறோம், உடல்நலக் காப்பீடு குறித்த உங்கள் கருத்து முக்கியமானது. வெர்லீன் ஒரே குரலில் படித்துக்கொண்டு போனாள். அடுத்த வரிக்கு வந்தபோது தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"என் அம்மாவின் சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து நீங்கள் சொல்லக் கேட்டதுபோல இதைக் கேட்டுக்கொண்டேன்."

"இந்த வரிதான்," என்றாள் ஓலீட்டா. "மத்ததெல்லாம் மெஷின் அடிச்சது. இது மட்டும் யாரோ மனுஷங்க எழுதினது. ஹோபர்ட் இருந்து படிச்சிருந்தா கொஞ்சம் ஆறியிருப்பாரு. அவனே எழுதியிருப்பானா?"

"இல்ல. நான் எழுதினது. ரொம்ப வருஷம் முன்னாடி. எல்லாருக்கும் இதேதான் போகும்." பிறகு மிச்சத்தையும் சொன்னாள். "ஹோபர்ட் சொன்னத அவரு படிக்கவே இல்ல, ஓலீட்டா. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

ஓலீட்டா கடிதத்தை வாங்கி, கண்ணாடி இல்லாமல் தெரியாத எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா சமையலறையா?"

"ஆமா."

"ஸ்ட்ரைக் நடந்தப்போ ஹோபர்ட்ட ஜெயில்ல போட்டாங்களே, அன்னிக்கு நான் அந்த மேசையிலதான் உக்காந்து அழுதேன். உங்கம்மா ஒண்ணும் பேசல. காபி ஊத்தி ஊத்திக் குடுத்தாங்க." கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். "அந்த மேசையையா அவனுக்குக் குடுத்த?"